இனாரி கோயிலில் ஒரு நடவு நாள்

ஜப்பானுக்குப் போவதற்கு அதைவிடப் பொருத்தமில்லாத காலம் ஒன்று என் வாழ்க்கையில் இருந்ததில்லை. இலங்கையின் வன்னியில் போர் முடிந்துவிட்டது என்று எல்லாத் தொலைக்காட்சிகளும் சொல்லிச் சில கிழமைகள்தான் ஆகியிருந்தன. அங்கே இருந்த என் தங்கை ரஞ்சியும் அவள் கணவர் சந்திரனும் இரண்டு பிள்ளைகளும் உயிரோடு இருக்கிறார்களா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. அந்த நேரத்தில் நான் சோறு அவிக்கும் இயந்திரம் ஒன்றைப் பார்ப்பதற்காகப் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன்.

கனடாவின் ஸ்கார்பரோவில், உறையவைத்த சாப்பாட்டுப் பெட்டிகள் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் தரம் பார்ப்பது என் வேலை. புதிதாக வாங்கப்போகும் இயந்திரத்தை அது செய்யப்படும் இடத்துக்கே போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். என்னோடு வருவதாக இருந்தவள் வசந்தி. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண், இயந்திரப் பொறியியலாளர், என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். மேலாளர் கூப்பிட்டு, "உன் நிலைமை தெரியும். விருப்பமில்லையென்றால் வேறு ஆளை அனுப்பலாம்" என்றார். வீட்டில் கேட்டேன். என் கணவர் சொன்னார்: "இஞ்ச இருந்து ஃபோனைப் பாத்துக்கொண்டிருந்தால் ஃபோன் அடிக்குமோ? போயிட்டு வா. ஏதும் எண்டால் நான் சொல்லுறன்."

நான் போனதற்கு உண்மையான காரணம் வேறு. அண்ணையோடு சண்டை பிடித்திருந்தேன்.

அம்மா விட்பியில் அண்ணை வீட்டில்தான் இருக்கிறார். மே மாதத்துக்குப் பிறகு அவர் சாப்பிடுவதை ஏறக்குறைய நிறுத்திவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அண்ணை என்னைக் குசினிக்குள் அடுப்பருகே கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"ஐயரோட கதைச்சனான். ரஞ்சியாக்களுக்கு அந்தியேட்டியைச் செய்து முடிப்பம்."

அந்தியேட்டி என்பது செத்தவர்களுக்கு முப்பத்தோராம் நாளில் செய்கிற கிரியை. எனக்கு மேலெல்லாம் பற்றியது.

"உயிரோட இருக்கிறவைக்கோ அண்ணை?"

"இருக்கினம் எண்டு உனக்கு ஆர் சொன்னது?"

"இல்லை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. அதுதான் பிரச்சினை. அம்மாவைப் பாத்தனியே? ஒரு முடிவு இல்லாமல் மனிசி எத்தினை நாளைக்குக் கிடக்கிறது?"

வைத்த தேத்தண்ணியைக் குடிக்காமல் எழும்பிப் போய்க் காரில் ஏறினேன். ரூஜில் இருக்கிற எங்கள் வீடு வரும்வரைக்கும் நெடுஞ்சாலையில் வாய்விட்டுப் பேசிக்கொண்டே ஓட்டினேன். அதற்குப் பிறகு அண்ணையோடு கதைக்கவில்லை.

ரஞ்சி கடைசியாகக் கதைத்தது பெப்ரவரியில். யாரோ ஒருவருடைய செய்மதித் தொலைபேசியில் கிடைத்த ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தில் அவள் சொன்னது இதுதான்: "வயல் விளைஞ்சு கிடந்தது அக்கா. வெட்டாமல் விட்டிட்டு வந்திட்டம்." பிள்ளைகள் எப்படி என்று நான் கேட்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது. இருந்த ஒரு நிமிடத்தை நெல்லுக்குச் செலவழித்துவிட்டாளே என்று எனக்கு அவள்மேல் கோபம்கூட வந்தது.

ஒசாகாவில் இறங்கிய அன்றே ஒன்று தெரிந்துவிட்டது. நாங்கள் கனடாவிலிருந்து கொண்டுபோன கைத்தொலைபேசிகள் ஜப்பானில் வேலை செய்யாது. வசந்தி தன்னுடையதைத் தட்டிப் பார்த்தாள், கழற்றிப் பூட்டினாள். "செத்துப் போச்சுக்கா" என்று சொல்லிவிட்டு உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். விமானத்திலும் இப்படித்தான். என்னிடம் எதைக் கேட்பது, எதைக் கேட்கக்கூடாது என்று தெரியாமல் பாவம் பதினான்கு மணித்தியாலமும் படமாகப் பார்த்துத் தள்ளினாள்.

சாப்பாடு அவளுக்குப் பெரிய சோதனை. சைவம். ஜப்பானில் சைவமாக இருப்பது, எங்கும் மீன் நீந்துகிற குளத்தில் நனையாமல் குளிப்பதைப் போன்றது. கீரைக்கு மேல் மெல்லிய இதழ்களாக ஏதோ தூவி வந்தது. சூட்டில் அது நெளிந்தது. "அக்கா, இது அசையுது" என்றாள். மீன் கருவாட்டுச் சீவல் என்று அறிந்ததும் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டாள். பிறகு வெறும் சோற்றில், கைப்பையில் கொண்டுவந்த பருப்புப் பொடியைப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டாள். பக்கத்து மேசைக் கிழவர் ஒருவர் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டார். அவருக்கும் ஒரு சிட்டிகை கொடுத்தாள். அவர் தும்மினார், சிரித்தார், இன்னும் கொஞ்சம் கேட்டார்.

அடுத்த இரண்டு நாளும் தொழிற்சாலையில். எங்களுக்கு மொழிபெயர்க்க வந்தவர் ஹருமி-சான். எழுபதைத் தாண்டிய பெண்மணி. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கட்டையாக வெட்டிய வெள்ளைமுடி, மழை இல்லாதபோதும் கையில் குடை. இயந்திரக்காரர்கள் என் முன் ஐந்து சின்னக் கிண்ணங்களில் வெறும் சோற்றை வைத்தார்கள். ஒவ்வொன்றும் வேறு வேறு அளவு தண்ணீரில் அவித்ததாம். கறி இல்லாமல் சோற்றைச் சோறாகவே ருசித்துப் பார்த்தது வாழ்க்கையில் அதுதான் முதல்தடவை. மூன்றாவது கிண்ணம் எனக்குப் பிடித்திருந்தது. எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சரியான கிண்ணத்தைச் சொன்னேனா, அல்லது எதைச் சொல்லியிருந்தாலும் தலையாட்டியிருப்பார்களா என்று இன்றுவரை தெரியாது.

தேநீர் இடைவேளையில் ஹருமி-சான் சாதாரணமாகத்தான் கேட்டார், எந்த நாட்டிலிருந்து கனடாவுக்குப் போனாய் என்று. சொன்னேன். அவர் செய்தி பார்க்கிறவர். கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "அங்கே உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?" என்றார்.

"தங்கை."

"தகவல் வந்ததா?"

"இல்லை."

அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "நாளை மறுநாள் உங்களுக்கு வேலை இல்லை. எங்கள் ஊரில் இனாரி கோயில் இருக்கிறது. நெல்லுக்கும் அறுவடைக்கும் உரிய தெய்வம். மிகப் பழைய கோயில். அன்றைக்கு அங்கே நாற்று நடுகிறார்கள். வருவீர்களா?" என்று கேட்டார்.

எந்தக் கோயிலுக்கும் போகிற மனநிலையில் நான் இருக்கவில்லை. பெப்ரவரியிலிருந்து மே வரை ரொறன்ரோவில் நான் கேட்காத சாமி கிடையாது. ஸ்கார்பரோவில் இருக்கும் அம்மனையும் பிள்ளையாரையும் கேட்டேன். என்னோடு வேலைசெய்கிற மன்னார்ப் பெண் ஒருத்தியோடு போய் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். குளிரில் பதாகை பிடித்துத் தெருவில் நின்றேன். மே மாதத்தோடு கேட்பதை நிறுத்திவிட்டேன். ஆனால் எனக்கு முன்னே வசந்தி, "கண்டிப்பா வர்றோம்!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டாள். ஹருமி-சானுக்கு அது விளங்கியும் விட்டது.

ரயிலில் நடந்ததைச் சொல்லவேண்டும். ஜப்பான் ரயில்கள் நேரம் தவறாது என்று எல்லோரும் சொல்வார்கள். சில ரயில்கள் நடுவழியில் இரண்டாகப் பிரியும் என்பதை யாரும் சொல்வதில்லை.

பின்பெட்டிகளில் ஒன்றில் நாங்கள் இருவரும் இருந்தோம்; ஹருமி-சான் தன் ஊர் நிலையத்தில் காத்திருந்தார். வசந்தி கழிவறை தேடி முன்பக்கம் போனாள். நான் யன்னலில் சாய்ந்து கண்ணை மூடினேன். ஒரு நிலையத்தில் ரயில் நின்றது, ஏதோ சத்தம் கேட்டது, பிறகு புறப்பட்டது. கண்ணைத் திறந்தபோது யன்னலுக்கு வெளியே கடல். ஹருமி-சானின் ஊர் மலையடிவாரத்தில் இருக்கிறது என்பது எனக்கு நல்ல ஞாபகம். முன்பெட்டிக்குப் போக எழுந்தேன். முன்பெட்டி இல்லை. நான் இருந்த பெட்டியின் முடிவில் சாரதி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தார்.

அடுத்த நிலையத்தில் இறங்கினேன். ஒரே ஒரு மேடை, ஒரு தகரக் கூரை, நிலைய அதிகாரி ஒருவர். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு ஜப்பானியம் தெரியாது. நான் ஊரின் பெயரைச் சொன்னதும் அவர் தலையில் கைவைத்தார். பிறகு ஒரு தாளில் ரயில் ஒன்று வரைந்து, நடுவில் கோடு போட்டு, ஒரு துண்டை மலைப்பக்கமும் மற்றத் துண்டைக் கடல்பக்கமும் அனுப்பினார். கடல்பக்கத் துண்டுக்குள் குட்டை முடியோடு ஒரு பெண்ணை வரைந்து என்னைக் காட்டினார். அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

திரும்பிப் போகிற ரயிலுக்கு நெடுநேரம் இருந்தது. பக்கத்து வாங்கில் லீக்ஸ் காய்கறிக் கட்டோடு உட்கார்ந்திருந்த பெண் ஒருத்தி, என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் பையிலிருந்து கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டை ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் அதை இன்னும் கொஞ்சம் என் பக்கம் நகர்த்தினாள். சாப்பிட்டேன். உள்ளே புளிப்பாக, ஊறுகாய்போட்ட ஏதோ ஒரு பழம்.

அந்த வாங்கில் இருக்கும்போது வெட்கப்படத்தக்க ஒரு நிம்மதி எனக்கு வந்தது. யாரும் என்னைக் கூப்பிட முடியாது. நான் எங்கே இருக்கிறேன் என்று யாருக்கும் தெரியாது. நான்கு மாதமாக முதல்தடவை என் காது தொலைபேசி மணிக்காகக் காத்திருக்கவில்லை.

ஆனால் மலையடிவார நிலையத்தில் நான் போய் இறங்கியபோது வசந்தி மேடையில் நின்ற நிலையைப் பார்த்து அந்த நிம்மதி போய்விட்டது. கண் சிவந்து, மூக்குச் சிவந்து, தன் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஓடிவந்து என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினாள்.

"எங்கக்கா போனீங்க? திரும்பி வந்து பார்த்தா பெட்டியே இல்ல! உங்களக் காணோம்னு யாருகிட்ட சொல்றது, எப்படிச் சொல்றது? உங்க வீட்டுக்காரருக்கு என்ன பதில் சொல்வேன்னு..." பாதியில் நிறுத்தி, என்னை விட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஒரு மணி நேரந்தான்கா. எனக்கே தாங்கல. நீங்க எப்படித்தான் இத்தன மாசமா..."

எங்கள் பயணத்தில் அவள் ரஞ்சியைப் பற்றிக் கதைத்தது அப்போதுதான். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். ஹருமி-சான் குடையை விரித்து எங்கள் இருவருக்கும் மேலே பிடித்தார். தூறத் தொடங்கியிருந்தது.

கோயிலுக்கு நடந்தே போனோம். சிவப்பு மரவாசல்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படிகளுக்கு மேலே போய்க்கொண்டிருந்தன. எங்களுடைய கோபுரத்தைப்போலக் கழுத்தை நிமிர்த்திப் பார்க்கவைக்கும் வாசல் அல்ல. வெறுமனே இரண்டு தூண், மேலே இரண்டு சட்டம். கதவே கிடையாது. இரண்டு பக்கமும் கல்லில் செய்த நரிகள், கழுத்தில் சிவப்புத் துணி கட்டி உட்கார்ந்திருந்தன. ஒன்றின் வாயில் நெற்கதிர்.

வசந்திக்கு உற்சாகம் திரும்பிவிட்டது. "நரியா? எங்க ஊர்ல எதாவது நல்லது நடந்தா, 'இன்னைக்கு நரி முகத்துல முழிச்சியா'ன்னு கேப்பாங்க. இங்க என்னடான்னா நூறு நரி!"

ஹருமி-சானிடம் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் மிகவும் ரசித்தார். நெல்லைத் தின்கிற எலியை நரி தின்றுவிடும், அதனால் இது தெய்வத்தின் தூதுவன் ஆகிவிட்டது என்றார். "வேறு கதைகளும் உண்டு. ஆனால் விவசாயிகளுக்கு இந்தக் கதைதான் பிடிக்கும்."

அகப்பையால் தண்ணீர் அள்ளிக் கை கழுவினோம், வாய் கொப்பளித்தோம். சந்நிதியில் இரண்டுதரம் குனிந்து, இரண்டுதரம் கைதட்டி, பிறகு ஒருதரம் குனிய வேண்டும். வசந்தி அப்படியே செய்து, கூடுதலாகக் கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். நான் ஓரமாக நின்றேன். கைதட்ட முடியவில்லை. அறுவடைக்கு உரிய தெய்வத்திடம், அறுக்காமல் விட்டுவந்த வயலைப் பற்றி என்னத்தைச் சொல்வது? விளைந்த நெல் தலைசாய்ந்து, கொட்டி, மாடு தின்று, அதன்மேல் படை வண்டிகள் எத்தனை ஏறிப் போயிருக்கும். ரஞ்சி அந்த ஒரு நிமிடத்தை ஏன் வயலுக்குக் கொடுத்தாள் என்று அங்கே நின்றபோதுதான் கொஞ்சம் விளங்கியது. மற்றதைச் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொல்லக்கூடியதாக இருந்தது அது ஒன்றுதான்.

கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்ன வயல். நாலுபக்கமும் வைக்கோல் கயிறு கட்டி வெள்ளைத் தாள் தொங்கவிட்டிருந்தார்கள். குருக்கள் நாற்றுக்கட்டை இரண்டு கையாலும் ஏந்திக் கொடுக்க, வெள்ளையுடுப்பும் ஓலைத்தொப்பியுமாக ஊர்ப் பெண்களும் ஆண்களும் வரப்பிலிருந்து இறங்கினார்கள். குழலும் பறையும் மிக மெதுவாக ஒலித்தன. ஒரு பாட்டு. அதன் தாளத்துக்குக் குனிவதும் நிமிர்வதும். மழை விழுந்த தண்ணீரில் அவர்களுடைய நிழல்கள் உடைந்து உடைந்து சேர்ந்தன. ஒருத்தி சேற்றில் வழுக்கி உட்கார்ந்துவிட்டாள். குருக்கள் உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க ஊர்லயும் நடவுதான்கா" என்றாள் வசந்தி. "ஆனா நான் ஒருநாள்கூட வயல்ல இறங்குனதில்ல. அப்பா விடமாட்டார். 'நீ படி, சேறு எங்களோட போகட்டும்'பார்."

"எங்கட பக்கம் விதைப்பு. நாத்து நடுறேல்லை" என்றேன்.

சடங்கு முடிந்ததும், வயலின் ஒரு மூலையைப் பார்க்க வந்தவர்களுக்கு விட்டார்கள். வசந்தி சப்பாத்தைக் கழற்றி, காற்சட்டையை மடித்துவிட்டு, யாரையும் கேட்காமல் இறங்கிவிட்டாள். "அய்யோ ஜில்லுன்னு இருக்கு! வாங்கக்கா!" நானும் இறங்கினேன். சேறு கால்விரல்களுக்கு இடையில் வழுகி ஏறியது. இருவரும் நட்டோம். என் நாற்றுகள் நெருக்கமாக, கூட்டமாக நின்றன. அவளுடையது பாம்பு போனமாதிரி. பக்கத்தில் நின்ற ஒருவர் ஒன்றும் சொல்லாமல் என்னுடையவற்றில் பாதியைப் பிடுங்கித் தள்ளித் தள்ளி நட்டுக்கொண்டு போனார். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைவிடக் குனிந்து மன்னிப்புக் கேட்டார்.

காலைக் கழுவிக்கொண்டு கோயில் வாசலில் இருந்த சின்னக் கடைக்குச் சாப்பிடப் போனோம். இனிப்பாக வேகவைத்த சோயாத் தோலுக்குள் சோறு அடைத்த ஒன்று, நரிக்குப் பிடிக்குமாம். அதை வேகவைத்த சாற்றிலும் மீன் இருக்கிறது என்று ஹருமி-சான் மெதுவாகச் சொல்லும்போது வசந்தி மூன்றாவதை விழுங்கிக்கொண்டிருந்தாள். கொஞ்சம் யோசித்தாள். "சாமி பிரசாதம்தானே" என்று சொல்லிவிட்டு நாலாவதை எடுத்தாள்.

அந்தக் கடையில் வைத்துத்தான் அண்ணையோடு போட்ட சண்டையை நான் ஹருமி-சானுக்குச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியாது. திரும்பச் சந்திக்கப்போவதில்லை என்பதாலாக இருக்கலாம். உயிரோடு இருக்கக்கூடியவர்களுக்குச் செத்தவீட்டுக் கிரியை செய்யப் பார்க்கிறார் என்று சொன்னபோது என் குரல் உயர்ந்துவிட்டது.

அவர் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "எங்கள் வீட்டில் செய்தோம். என் அப்பாவுக்கு."

போர் முடிந்தபோது ஹருமி-சானுக்கு ஏழு வயது. அப்பா மஞ்சூரியாவில் படையில் இருந்தார். வரவில்லை. தகவலும் இல்லை. இரண்டு வருடம் கழித்து வெள்ளைத் துணி சுற்றிய பெட்டி ஒன்று வந்தது. ஆட்டினால் சத்தம் கேட்டது. திறந்தார்கள். உள்ளே ஒரு கல்லும் பெயர் எழுதிய தாளும். அம்மா அந்தக் கல்லைப் புதைத்து, அப்பாவின் பெயரைப் பொறித்துக் கல்லறை கட்டினார்.

"பிறகு இரண்டு இலையுதிர்காலம் போனது" என்றார் ஹருமி-சான். "அறுவடை முடித்துக் கதிர்க்கட்டுகளைக் காயப் போட்டுக்கொண்டிருந்தோம். வயலோரம் ஒருவர் வந்து நின்றார். எலும்பும் தோலுமாக இருந்தார். அம்மா நிமிர்ந்து பார்த்துவிட்டு, 'இன்றைக்கு வேலை முடிந்துவிட்டது, நாளைக்குக் காலையில் வாருங்கள்' என்றார். கூலிக்கு ஆள் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டார். அப்பா 'சரி' என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்துகொண்டார்."

வசந்தி கையை வாயில் வைத்தாள். ஹருமி-சான் சிரித்தார். அந்தக் கதையைப் பலதடவை சொல்லிப் பழகியவருடைய சிரிப்பு அது. ஆனாலும் கண்ணோரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்பா கோபிக்கவில்லையா?" என்று கேட்டேன். "தன்னைப் புதைத்துவிட்டார்களே என்று?"

"கோபித்தது நான். சைபீரியாவில் கைதியாக அவர் உயிரோடு இருக்கும்போது ஏன் அவரை விட்டுக்கொடுத்தாய் என்று அம்மாவோடு வருடக்கணக்காகச் சண்டை பிடித்தேன். ஒருநாள் அப்பா சொன்னார், 'அந்தக் கல்லைப் புதைத்த பிறகுதான் உன் அம்மா எழுந்து போய் நாற்று நட்டாள். நடாமல் இருந்திருந்தால் நான் வரும்போது இங்கே வயலும் இருந்திருக்காது, நீங்களும் இருந்திருக்க மாட்டீர்கள்' என்று."

தேநீரை ஒரு வாய் குடித்தார்.

"பக்கத்து வீட்டுக்கும் ஒரு பெட்டி வந்தது. அந்த அம்மா திறக்கவே இல்லை. சாகும்வரை ஒருநேரச் சோற்றைக் கணவருக்கு எடுத்துவைத்தார். அவர் வரவில்லை. அந்த அம்மாவையும் ஊரில் யாரும் பிழை சொல்லவில்லை."

"உங்கள் அப்பாவின் கல்லறை?"

"அதை அகற்ற அவர் விடவில்லை. நல்ல கல், வீணாக்கக் கூடாது என்றார். எண்பத்திரண்டு வயதில் இறந்தார். தேதியை மட்டும் திருத்தினோம்."

திரும்புகிற வழியிலும் ரயில்தான். வசந்தி என் கையைக் கோத்துக்கொண்டு, ரயில் நிற்கும் ஒவ்வொரு இடத்திலும் பெட்டிகளை எண்ணினாள். நான் அம்மாவை நினைத்துக்கொண்டிருந்தேன். தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா. அண்ணை குசினிக்குள் குரலைத் தாழ்த்தியது அம்மாவின் காதில் விழக்கூடாது என்பதற்காக என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். அண்ணைக்கே குரல் எழும்பவில்லை என்பது எனக்குத் தோன்றவே இல்லை. ரஞ்சியை அரிவரி வகுப்புக்குக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டுபோனது அவர்தான்.

மறுநாள் காலை, ரொறன்ரோவில் மாலை. விடுதி முன்கூடத்தில் இருந்த பச்சைத் தொலைபேசியில் அட்டையைப் போட்டு விட்பிக்கு எடுத்தேன். ஒரே மணியில் அண்ணை எடுத்தார். அவர் வாய் திறக்கும் முன்பே நான் சொல்லி முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் என்னால் சொல்ல முடியாமல் போய்விடும்.

"அண்ணை, நான் கலா. அந்தியேட்டி செய்யிறதெண்டால் செய்யுங்கோ. நான் வந்து பக்கத்தில நிக்கிறன்."

தொடர்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

"அண்ணை?"

"ரஞ்சி கதைச்சவள்" என்றார்.

என் காதில் விழுந்தது, விளங்கவில்லை.

"விடியப்புறம் அடிச்சவள். முகாமில ஆரோ ஒளிச்சு வச்சிருந்த ஃபோனாம். செட்டிகுளத்தில, ஆமிக் காவலுக்குள்ள நிக்கினம். அவளும் ரெண்டு பிள்ளையளும். உன்ர ஹொட்டலுக்கு எத்தினை தரம் அடிச்சம் தெரியுமோ? அவை கதைக்கிறது எங்களுக்கு விளங்கேல்லை, நாங்கள் கதைக்கிறது அவைக்கு விளங்கேல்லை."

நாற்காலியில் இருந்த வசந்தி எழுந்துவிட்டாள்.

"சந்திரன்?"

"அவர் சித்திரையில செத்துப்போனார், கலா. ஷெல் விழுந்து. பங்கருக்குப் பக்கத்திலயே கிடங்கு வெட்டித் தாட்டுப்போட்டு வெளிக்கிட்டவையாம்." பிறகு, "அவள்தான் சொன்னவள். 'இஞ்ச ஒண்டும் செய்யேலாது அண்ணை, நீங்கள் அங்க அவருக்குச் செய்யுங்கோ' எண்டு. நான் நீ வரட்டும் எண்டு பாத்துக்கொண்டிருக்கிறன்."

"வாறன் அண்ணை."

"அம்மா சாப்பிட்டவ. ரெண்டு பிடி. அழுது அழுது சாப்பிட்டவ."

தொலைபேசியை வைத்துவிட்டுத் திரும்பினேன். வசந்தியிடம் சொல்ல முயன்றேன். தங்கச்சி இருக்கிறாள் என்பதையும் சந்திரன் இல்லை என்பதையும் எந்த ஒழுங்கில் சொல்வது என்று வாய் தடுமாறியது. அவள் கேட்காமலே என்னைக் கட்டிக்கொண்டாள். விடுதிக்காரப் பெண் மேசைக்குப் பின்னாலிருந்து எழுந்து, என்ன நடந்தது என்று தெரியாமலே எங்களைப் பார்த்துக் குனிந்து நின்றாள்.

ஆனி மாதத்தில் ஒன்ராறியோ ஏரிக்கரையில் சந்திரனுக்கு அந்தியேட்டி நடந்தது. அண்ணை ஈரவேட்டியோடு நடுங்கிக்கொண்டு நின்றார். நான் பக்கத்தில் நின்றேன். சண்டையைப் பற்றி இருவரும் கதைக்கவில்லை. பிறகும் கதைத்ததில்லை. வசந்தி லீவு போட்டுவிட்டு வந்து, வீட்டில் எல்லோருக்கும் சமைத்து வைத்திருந்தாள்.

முகாம் கதவைத் திறந்துவிட மாதக்கணக்கானது. அதற்குப் பிறகுதான் ரஞ்சியோடு ஆறுதலாகக் கதைக்க முடிந்தது. ஆனாலும் கதைக்க ஒன்றும் வராது. பிள்ளைகள் சாப்பிட்டார்களா என்று நான் கேட்பேன், ஓம் என்பாள். அழுவதுமில்லை. ஒருநாள் வேறு வழி தெரியாமல் ஜப்பானுக்குப் போன கதையைச் சொல்லத் தொடங்கினேன். நரியைச் சொன்னேன், பாட்டைச் சொன்னேன். கேட்கிறாளா என்றே தெரியவில்லை.

"ஏன் நடுகினம்? விதைச்சால் என்ன?" என்றாள் திடீரென்று.

"அது கோயில் வயல். வழக்கமாம்."

"தண்ணி எவ்வளவு நிண்டது?"

"கணுக்காலுக்கு மேல."

"நாத்து நெருக்கமோ, எட்ட எட்டவோ?"

"நான் நட்டது நெருக்கம். ஒரு ஆள் வந்து பாதியைப் பிடுங்கித் தள்ளி நட்டவர்."

மறுபக்கத்தில் ஒரு சத்தம் கேட்டது. அவள் சிரிக்கிறாள் என்று தெரிய எனக்குக் கொஞ்சநேரம் எடுத்தது.

"அந்தாள் சரியாத்தான் செய்திருக்கு. நெருக்கினால் காத்துப் போகாது, நோய் பிடிக்கும்." பிறகு சொன்னாள்: "எங்கட காணிப் பக்கம் மிதிவெடி எடுத்து முடியுதாம். வாற மாசம் விடுவினமாம். மழையோட விதைக்கிற காலபோகம் பிந்திப்போச்சு. குளத்துத் தண்ணியில செய்யிற சிறுபோகம் விதைக்கலாம்."

"தனியவோடி?"

"குளத்தில தண்ணி நிறைய நிக்குதாம், அக்கா" என்றாள்.